சயாமில் பழனி நலம்

போன வியாழக்கிழமை சாயங்காலம் என் பக்கத்து வீட்டுத் தனபாலன் ஒரு ரேடியோவைக் கொல்லப் பார்த்தார்.

நான் வாசலில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். உலு திராமில் எங்கள் தாமான் குடியிருப்பில் வீடுகளுக்கு நடுவே இருக்கும் சுவர் இடுப்பளவுதான். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் நாம் ‘நூறு’ சொல்லலாம். அவர் வீட்டில் தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

தேர்தல் நெருங்குகிறதல்லவா? ஒரு தலைவர் பாலம் திறந்தார். அதே தலைவர் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தார். அதே தலைவர் முதியோர் இல்லத்தில் கேக் வெட்டினார். இந்த நாட்டில் வேறு கட்சிகள் உண்டா என்று ஒரு வெளியூர்க்காரர் கேட்டால், அந்தச் செய்தியை வைத்துப் பதில் சொல்ல முடியாது. அடுத்து வானிலை.

வானிலை வரும்வரை தனபாலனுக்குப் பொறுமை இல்லை. ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். ஒயர் முழு நீளத்துக்கும் இழுபட்டு, அதற்கு மேல் வர மறுத்தது.

“டீச்சர், இது ரேடியோவா, கட்சி ஆபீஸா? நீங்களே சொல்லுங்க லா. இதத் தூக்கி லோங்காங்ல போட்டாத்தான் எனக்கு மனசு ஆறும்.”

வீட்டு முன்னால் ஓடும் சாக்கடையைச் சொல்கிறார். அதில் ஏற்கெனவே அவர் வீட்டுப் பழைய மின்விசிறி ஒன்று கிடக்கிறது. இதையும் போட்டால் மழைக்காலத்தில் தண்ணீர் என் வாசலுக்குத்தான் வரும். ஆகவே நான் கொஞ்சம் சுயநலத்தோடு, “உள்ள கொண்டுபோய் வைங்க தனபாலன், பேசிக்கலாம்” என்றேன்.

தனபாலன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறவர். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, இருட்டும் நேரத்தில் முதுகைப் பிடித்துக்கொண்டு திரும்புகிற மனிதர். அந்த முதுகோடு பல வருடம் கட்சிக் கிளைச் செயலாளராகவும் இருந்தார். சுவரொட்டி ஒட்டினார், நாற்காலி சுமந்தார். தமிழ்ப் பள்ளிக்கு நிலம் வந்துவிட்டது என்று மேலே இருந்த தலைவர் சொன்னார். தனபாலன் அதை வீடு வீடாகப் போய்ச் சொன்னார். நிலம் வரவில்லை. இன்றுவரை பெற்றோர்கள் கேட்பது தலைவரை அல்ல, தனபாலனைத்தான். சந்தையில் மீன் வாங்கும்போதுகூடக் கேட்கிறார்கள். பாவம், அவர் என்ன செய்வார்?

ரேடியோவைப் பார்த்து அவர் பல்லைக் கடித்தபோது, எனக்கு இன்னொரு மனிதரின் முகம் ஞாபகம் வந்தது. அந்த முகத்தை நான் பார்த்தது ஜப்பான்காரன் காலத்தில், லாயாங் லாயாங் ரயில் நிலையத்துக்கு எதிரே.

அப்போது நான் ரப்பர் தோட்டப் பள்ளியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த டீச்சர். வயது இருபதை ஒட்டி. எங்கள் அப்பா தோட்ட மருத்துவமனையில் டிரெஸ்ஸராக இருந்து, சண்டை வருமுன்பே காலமாகிவிட்டார். அம்மா, நான், தம்பி ஜோசப். மூன்று பேரும் மரவள்ளிக் கிழங்கைத் தின்று, மரவள்ளிக் கிழங்கைக் கனவு கண்டு, மறுநாளும் அதையே தோண்டிக்கொண்டிருந்த காலம்.

வீட்டில் யாரும் இஷ்டப்படி ரேடியோ கேட்க முடியாது. வெளிநாட்டு நிலையத்தைக் கேட்டால் தலை போகும். ஆனால் அரசாங்கம் பேசுவதைக் கேட்கலாம்… இல்லை, கேட்க வேண்டும். அதற்காக ஊர் நடுவில் ஒலிபெருக்கி வைத்தார்கள். எங்கள் ஊரில் அது ராமநாதன் அவர்களின் பலசரக்குக் கடை முன் நடையில், நாங்கள் அஞ்சடி என்று சொல்லும் இடத்தில், ஒரு மரத்தூணில் கட்டப்பட்டிருந்தது. கடையில் பலசரக்கு என்று சொல்லும்படி எதுவும் மிச்சமில்லை. ஒலிபெருக்கி மட்டும்தான் புதுச் சரக்கு.

ராமநாதன் செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து இளவயதில் வந்தவர். ஊர்ச் சங்கத்தின் தலைவர். பெயருக்குத் தலைவர் இல்லை. அரிசி இருந்தவரை லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டுக் குழந்தைகளுக்கு அளந்து கொடுத்தார். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் வந்து நிற்பார். கணீரென்று பேசுவார். ஆகவே சயாமில், அதாவது இன்றைய தாய்லாந்தில், ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஒலிபெருக்கி சொன்னபோது ஜனங்கள் ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அவர் ஒரு சோப்புப் பெட்டி மீது ஏறி நின்று பேசினார். மூன்று மாத வேலை, நல்ல சாப்பாடு, நல்ல சம்பளம், திரும்பி வந்துவிடலாம் என்றார். இட்டுக்கட்டிச் சொன்னாரா? இல்லவே இல்லை. ரேடியோவில் கேட்டதை அப்படியே நம்பிச் சொன்னார்.

எங்கள் தோட்டத்திலிருந்து ஒரு கூட்டமே கிளம்பியது. ஜோசப்பும் போனான். “மூணு மாசந்தானக்கா, இந்தக் கிழங்க மூணு மாசம் நீ என் பங்கையும் சேத்துச் சாப்பிடு” என்று சிரித்துக்கொண்டே சரக்கு வண்டியில் ஏறினான். அம்மா கோடி அற்புதரை வேண்டிக்கொண்டே நின்றார்.

இங்கே நான் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கோடி அற்புதர் என்பது புனித அந்தோணியாரின் பட்டப் பெயர். அம்மாவுக்கு அவர் மீது அப்படி ஒரு பக்தி. ஆனால் ‘அந்தோணியார்’ என்று அம்மா வாயால் நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஏன்? அப்பாவின் பெயர் அந்தோணி! கோயிலில் மன்றாட்டு மாலை சொல்லும்போது அந்தப் பெயர் வரும் இடத்தில் அம்மாவின் உதடு மூடிக்கொள்ளும். அப்பா இறந்த பிறகும் அப்படித்தான். கட்டியவர் பெயரைச் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று பயந்த காலம். ஆயுசே முடிந்த பிறகும் பயம் போகவில்லை.

வேதக்காரர் வீட்டிலேயே இப்படி என்றால் லயத்தில் கேட்க வேண்டுமா? அங்கே எந்தப் பெண்ணும் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். ‘எங்க வீட்டுக்காரர்’, ‘பெரியவனோட அப்பா’, ‘அந்த ஆளு’. ரொம்பவும் நெருக்கிக் கேட்டால் பக்கத்தில் நிற்கும் பெண்ணைப் பார்ப்பாள். அந்தப் பெண் சொல்லுவாள். கங்காணிகளுக்கும் ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் இந்த ஏற்பாடு பழக்கம்தான்.

மூன்று மாதம் போனது. இன்னும் மூன்று மாதமும் போனது. யாரும் திரும்பவில்லை. ஒரு கடிதாசி இல்லை. வடக்கேயிருந்து வரும் ரயிலில் ஆள் இறங்குகிறார்களா என்று பெண்கள் ஸ்டேஷனில் போய் நிற்பார்கள். சிப்பாய்கள் இறங்குவார்கள், சில நாள் அதுவும் இல்லை. ராமநாதன் பக்கத்துப் பெரிய ஊரின் சங்கத்துக்கு எழுதிக் கேட்டுக்கொண்டே இருந்தார் என்பதும் எனக்குத் தெரியும்.

அப்போதுதான் ரேடியோவில் அந்த அறிவிப்பு வந்தது. சயாமில் உழைக்கும் நம் சகோதரர்களின் நலச் செய்தி ஷோனானிலிருந்து ஒலிபரப்பாகும், ஊர்ச் சங்கங்கள் தங்கள் ஆட்களின் பெயரை அனுப்பலாம்! சிங்கப்பூருக்கு அப்போது ஷோனான் என்றுதான் பெயர். ஊருக்கே பெயர் மாற்றியவர்கள்… சரி, அதற்குப் பிறகு வருகிறேன்.

ராமநாதன் மறுநாளே தோட்டத்துக்கு வந்தார். பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் ஆள் கணக்கெடுக்கும் மைதானத்தில், பெண்களை வரிசையாக நிற்க வைத்து ஒவ்வொருவரிடமும் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டார். ஒவ்வொருத்தியும் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவள் சொன்னாள். நானும் கொஞ்சம் உதவினேன். வேலை சுலபமாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அஞ்சலை வரும்வரை.

அஞ்சலையும் புருஷனும் பெக்கான் நானாஸ் அன்னாசித் தோட்டத்திலிருந்து எங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வந்தவர்கள். வந்த கொஞ்ச நாளில் அவர் சயாமுக்குப் போய்விட்டார். அதுவரையிலும் லயத்தில் எல்லாரும் அவரை ‘நானாஸ்காரர்’ என்றே கூப்பிட்டார்கள். பெயர் கூப்பிடும் தோட்டக் கணக்கரான கிராணியோ சண்டை வந்ததுமே ஊரைவிட்டுப் போயிருந்தார். அவருடைய நிஜப் பெயர் தெரிந்த ஆண்கள் எல்லாரும் அவரோடு சேர்ந்து வண்டி ஏறியவர்கள். பிள்ளையைக் கேட்கலாம் என்றால், இடுப்பில் இருந்த பெண் குழந்தைக்கு ‘அப்பா’ என்பதற்கு மேல் பேச்சு வராது.

பக்கத்து வீட்டு லெட்சுமியைப் பார்த்தாள் அஞ்சலை. லெட்சுமி உதட்டைப் பிதுக்கினாள். என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு, “முருகன் பேருதாங்க” என்றாள்.

முருகனுக்கு எத்தனை பெயர்! ராமநாதன் பொறுமையாகத்தான் கேட்டார்.

“பழனியாம்மா?”

அஞ்சலை கொஞ்சம் தயங்கினாள். பிறகு தலையை ஆட்டினாள். வரிசை நகர்ந்தது.

அடுத்த சில வாரம் லயமே ஒலிபெருக்கிக்குக் கீழேதான் குடியிருந்தது. டோக்கியோ நேரப்படி கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்திருந்ததால், ராத்திரிச் செய்தி என்று அவர்கள் சொன்னது எங்களுக்கு வெயில் தாழாத சாயங்காலத்திலேயே வந்தது. வெயிலில் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். போர்முனையில் வெற்றி, பர்மாவில் வெற்றி, கடலில் வெற்றி… இவ்வளவு வெற்றிக்குப் பிறகு எங்களுக்கு ஏன் உப்புக்கூடக் கிடைக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் காத்திருந்தது அதற்கு அல்ல.

ஒருநாள் எங்கள் தோட்டத்தின் முறை வந்தது.

“கந்தையா, தன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பைத் தெரிவிக்கிறார். நல்ல உணவும் மருத்துவமும் கிடைக்கின்றன. நலமாக இருக்கிறார்.” கந்தையா லெட்சுமியின் புருஷன். லெட்சுமி மண்ணில் விழுந்து ஒலிபெருக்கி கட்டியிருந்த தூணைக் கும்பிட்டாள். அப்புறம் ஒவ்வொரு பெயராக வந்தது. எல்லாருக்கும் அதே அன்பு, அதே உணவு, அதே மருத்துவம். என் தம்பி ஜோசப்பின் பெயரும் வந்தது. நான் அழுதுவிட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுந்தபோது கடைசிப் பெயரும் வந்தது.

“பழனி, தன் மனைவிக்கும் மகளுக்கும் அன்பைத் தெரிவிக்கிறார். நல்ல உணவும் மருத்துவமும் கிடைக்கின்றன. நலமாக இருக்கிறார்.”

எல்லாரும் அஞ்சலையைக் கட்டிப் பிடித்தார்கள். ராமநாதன் கடைக்குள்ளிருந்து வெல்லக்கட்டி ஒன்றைக் கொண்டுவந்து உடைத்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில் வெல்லம்! எங்கே ஒளித்து வைத்திருந்தாரோ. அவர் கண்ணும் கலங்கியிருந்தது. நாம் அனுப்பி வைத்த பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்கள் என்கிற நிம்மதி அந்த மனிதர் முகத்தில் அப்படித் தெரிந்தது. அஞ்சலை மட்டும் கையில் கொடுத்த வெல்லத்தை வாயில் போடாமல் குழந்தையிடம் கொடுத்துவிட்டாள்.

தண்டவாளத்தைத் தாண்டித் தோட்டத்துக்கு நடக்கும்போது அவள் பின்தங்கி என்னோடு சேர்ந்துகொண்டாள்.

“டீச்சரம்மா, பழனின்னு ஒருத்தர் நம்ம தோட்டத்துல இருந்து போனாரா?”

“உன் வீட்டுக்காரருதானே?”

“அவர் பேரு அது இல்லீங்க.”

எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு நீதானே தலையாட்டினாய் என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலை நான் இத்தனை வருடமாக மறக்கவில்லை.

“ரெண்டும் ஒரே சாமிதானே, எப்படியும் அவருக்குப் போய்ச் சேந்துடும்னு நெனச்சேங்க.”

நினைத்துப் பாருங்கள். அவள் கணக்கில் அது சரிதான். சாமியைப் பழனி என்று கூப்பிட்டாலும் கந்தா என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிறதல்லவா? சயாமில் போய், ‘லாயாங் லாயாங் தோட்டத்து ஆள், முருகன் பெயர் உள்ளவர் யார்?’ என்று கேட்டால் அவர் கையைத் தூக்க மாட்டாரா?

கேட்டிருந்தால் தூக்கியிருப்பார். தூக்கித் தன் நிஜப் பெயரையும் சொல்லியிருப்பார். எந்த ஆண்பிள்ளையாவது தன் பெயரைத் தப்பாகச் சொல்லி மனைவிக்கு அன்பு அனுப்புவானா?

நான் தண்டவாளத்தின் மேலேயே நின்றுவிட்டேன். பழனி என்று ஒருவர் இல்லை. ராமநாதன் ஊகித்துக் கேட்ட பெயர் அது. அந்தப் பெயர் இங்கிருந்து ஷோனானுக்குப் போய், அங்கே அன்பும் உணவும் மருத்துவமும் ஒட்டப்பட்டு, அப்படியே திரும்பி வந்திருக்கிறது. சயாம் வரைக்கும் போகவே இல்லை. அப்படியானால் கந்தையா? என் ஜோசப்? வீட்டுக்குப் போனபோது அம்மா கோடி அற்புதர் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி உட்கார்ந்திருந்தார். யாரோ அதற்குள் ஓடிவந்து சொல்லிவிட்டார்கள். நான் அம்மாவிடம் வாயைத் திறக்கவில்லை. திறக்க எனக்குத் தெம்பில்லை.

இதோடு போயிருந்தால் அது எங்கள் இருவரின் மனக்கஷ்டம். ஆனால் அந்த ஒலிபரப்பைக் கேட்ட கையோடு இரண்டாவது கூட்டத்துக்கு ஆள் சேர்க்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. இந்த முறை ராமநாதன் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அப்பா நன்றாக இருக்கிறார், நானும் போகிறேன் என்று மீசை முளைக்காத பிள்ளைகள் எல்லாம் தாங்களாகவே கிளம்பினார்கள். லெட்சுமியின் மூத்த மகன் முத்து முதல் ஆள். லெட்சுமியே அவனுக்குக் கோணிச் சாக்கில் சட்டை தைத்துக்கொண்டிருந்தாள்.

அஞ்சலைக்கு அதுதான் தாங்கவில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவளுக்குத் தன் கிழங்கில் பாதியைக் கொடுத்தவள் லெட்சுமி. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொள்கிறவள். அவளிடம் போய், ‘உன் புருஷன் நலம் என்று சொன்னது பொய்’ என்று எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் மகன் போகிறான். தவிர, ரேடியோ பொய் சொல்கிறது என்று வாய்விட்டுச் சொன்ன ஆள் அன்று மாலை வீட்டில் இருக்க மாட்டார். ராணுவப் போலீஸ் வந்து கூட்டிப் போய்விடும். என்ன செய்யலாம் என்று அவள் என்னைக் கேட்டாள். உண்மையைச் சொன்னால், நான் இன்னும் ஜோசப்பின் நலச் செய்தியைக் கையை விட்டு விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை முன்னால் கூட்டம். ராமநாதன் மறுபடி சோப்புப் பெட்டி மீது. பக்கத்தில் நாற்காலி போட்டு ராணுவத்தின் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். அவருக்குத் தமிழ் ஓரளவு தெரியும். முத்துவும் இன்னும் சிலரும் முன்வரிசையில், புதுச் சாக்குச் சட்டையில். ராமநாதன் அன்பான குரலில், நீங்களே உங்கள் காதால் கேட்டீர்கள் என்று ஆரம்பித்தார்.

அஞ்சலை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து முன்னால் போனாள். என்ன சொல்லப் போகிறாளோ, யார் யாரைக் கூட்டிப் போகப் போகிறார்களோ…

“தலைவரய்யா, ஒரு பேரு தப்பாப் போயிருச்சுங்க.”

“என்னம்மா?”

“எங்க வீட்டுக்காரர் பேரு பழனி இல்லீங்க.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “ஆறுமுகம்.”

பெண்கள் பக்கம் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். முதலில் அவர்களை உலுக்கியது பெயர்தான். ஒரு பெண் நட்ட நடு ஊரில், இத்தனை ஆண்களுக்கு முன்னால், கட்டியவர் பெயரைச் சொல்லிவிட்டாள்! எங்கள் அம்மாவும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பிறகுதான் மற்றது புரிய ஆரம்பித்தது. முதலில் புரிந்துகொண்டவள் லெட்சுமி. முன்வரிசைக்கு நடந்து போய் முத்துவின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்து இழுத்துக்கொண்டு தண்டவாளத்தைப் பார்த்து நடந்தாள். நடக்கும்போதே அவள் தோள் குலுங்கியது. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி தன் மகனைக் கூப்பிட்டாள். இன்னொருத்தி தன் கொழுந்தனை.

ராமநாதன் பெட்டி மேலேயே நின்றார். “நான்தானே… பழனியான்னு நான்தானே கேட்டேன்” என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அவர் முகத்தை நான் பார்த்தேன். தான் சொன்ன பெயரே ரேடியோவிலிருந்து தன்னிடம் திரும்பி வந்தது அவருக்குப் புரிந்துவிட்டது. பெட்டியிலிருந்து இறங்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

மொழிபெயர்ப்பாளருக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அவள் ஒரு பொல்லாத வார்த்தைகூடச் சொல்லவில்லையே? பெயரில் பிழை, திருத்தினாள், அவ்வளவுதான். அவர் பெருந்தன்மையாகத் தலையசைத்து, இதில் என்ன இருக்கிறது, அடுத்த முறை சரியாகச் சொல்லிவிடுவார்கள் என்றார்.

சொன்னார்கள்! சில நாள் கழித்து நான் அந்தப் பக்கமாகப் போனபோது கேட்டேன். “ஆறுமுகம், தன் மனைவிக்கும் மகளுக்கும் அன்பைத் தெரிவிக்கிறார். நல்ல உணவும் மருத்துவமும் கிடைக்கின்றன…” அதே குரல், அதே அன்பு. தூணுக்குக் கீழே கேட்க ஓர் ஆள் இல்லை.

தூணும் பாதிதான் தெரிந்தது. ஒலிபெருக்கியை நிறுத்த ராமநாதனுக்கு அதிகாரம் கிடையாது. ஆனால் கடைச் சாமானைக் கடை முன்னால் அடுக்கக் கூடாது என்று உத்தரவு எதுவும் இல்லையே? கிழங்கு மூட்டைகளை அதன் வாய்க்கு நேராக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். குரல் ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் வந்தது. நான் நிற்பதைப் பார்த்து வெளியே வந்தார். சோர்ந்து போயிருந்தார்.

“நானும் கேட்டேன் டீச்சர். கேட்டு நம்பினேன். நம்பித்தான் அனுப்பி வச்சேன்.”

அவர் மீது எனக்குக் கோபம் இருந்தது. ஜோசப்பை வண்டி ஏற்றியவர் அவர்தானே. ஆனால் அந்தக் குரலைக் கேட்ட பிறகு கோபத்தைக் காட்ட மனம் வரவில்லை. தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் எந்தப் பெட்டி மீதும் ஏறவில்லை. ஆள் கேட்டு வந்தவர்களிடம், தோட்டம் முழுக்க மலேரியா, நடமாடக்கூட ஒருவருக்கும் தெம்பில்லை என்று சொல்லிச் சமாளித்தார். எவ்வளவு காலம் சமாளிக்க முடியும்? பிறகு ஒருநாள் லாரியோடு வந்து பிடித்துப் போனார்கள்தான். எல்லாரையும் காப்பாற்றிவிட்டோம் என்று கதையை முடிக்க எனக்கும் ஆசைதான், முடியவில்லை. ஆனால் முத்து அந்த லாரியில் இல்லை. அஞ்சலை அவனைப் பெக்கான் நானாஸில் தன் சொந்தக்காரர்களிடம் கொண்டுபோய் விட்டிருந்தாள். அன்னாசிக் காட்டுக்குள் உடம்பெல்லாம் கீறலோடு சண்டை முடியும்வரை இருந்தான். பிற்பாடு அவன் கல்யாணத்தில் அஞ்சலைதான் ஆரத்தி எடுத்தாள்.

கந்தையா வரவில்லை. ஆறுமுகமும் வரவில்லை.

ஜோசப் வந்தான். ஒரு காலில் ஆறாத புண்ணோடு, எங்கள் அம்மாவுக்கே அடையாளம் தெரியாதபடி வந்தான். ரேடியோவில் உன் பெயர் சொன்னார்களடா என்றேன். நெடுநேரம் சிரித்தான். சிரிப்பு நின்ற பிறகு, “அங்க எங்களுக்குப் பேரே கிடையாதுக்கா, நம்பர்தான். எங்க பேர யாரும் கேக்கவே இல்ல” என்றான். அதற்கு மேல் சயாமைப் பற்றி அவன் சாகும்வரை பேசவில்லை.

சண்டை முடிந்து பள்ளிக்கூடம் மறுபடி திறந்தபோது அஞ்சலை மகளைச் சேர்க்க வந்தாள். வரிசையில் இருந்த பெண்கள் வழக்கம்போலப் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தார்கள். அஞ்சலை யாரையும் பார்க்கவில்லை. நான் கேட்குமுன்பே, “அப்பா பேரு ஆறுமுகம்” என்றாள். நன்றாகவே சத்தமாக. அந்தப் பெயரை அவளைத் தவிரச் சொல்ல ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. நான் அப்படியே எழுதிக்கொண்டேன்.

இந்தக் கதையைத்தான் இடுப்பளவுச் சுவரில் சாய்ந்துகொண்டு தனபாலனிடம் சொன்னேன். ரேடியோ அவர் கையிலேயே இருந்தது. ராமநாதனின் கதை வந்தபோது தலையைக் குனிந்து ஒயரை விரலில் முறுக்கிக்கொண்டிருந்தார்.

தப்பாக நினைக்காதீர்கள். இன்றைய செய்தியும் அன்றைய செய்தியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இன்று தனபாலன் ரேடியோவைத் திட்டலாம். நான் அதைப் பத்திரிகையில் எழுதலாம். மறுநாள் காலையில் இருவரும் அவரவர் வீட்டில்தான் எழுந்திருப்போம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அஞ்சலைக்குத் தெரியும். ஆனாலும் ஒரே குரல், ஒரே தலைவர், எல்லாருக்கும் ஒரே நலம் என்று கேட்கும்போது என் காது தானாகவே பழனியைத் தேடுகிறது. கூரை கிடைத்த பள்ளி எது? பெயர் என்ன? மழை பெய்தபோது யாராவது அங்கே போய்ப் பார்த்தார்களா?

“அந்த நெலம் வந்துருச்சுன்னு நானும் நம்பித்தான் சொன்னேன் டீச்சர்” என்றார் தனபாலன், கடைசியில்.

“தெரியும்” என்றேன். அதே பதிலை இரண்டாவது முறையாக என் வாழ்க்கையில் சொல்கிறேன். இந்த முறை எனக்குக் கோபம் இல்லை. அடுத்த தடவை மீன் சந்தையில் யாராவது கேட்டால் அவர்களிடமும் இதையே சொல்லிவிடுங்கள், ஒளிந்து ஒளிந்து மீன் வாங்க வேண்டாம் என்றேன். சொல்லிப் பார்க்கிறேன் என்றார்.

அதற்குள் ரேடியோ தன் வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தது. தலைவர் மறுபடியும் எங்கேயோ எதையோ திறந்துகொண்டிருந்தார்.

உள்ளேயிருந்து தனபாலனின் மனைவி குரல் கொடுத்தார். “பாலா, அந்த ரேடியோவ மூடிட்டு வாங்க. சோறு ஆறுது.”

பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார், தெருவுக்கே கேட்கும்படி. இந்த வாரம் நான் கேட்ட செய்திகளில் சந்தேகமே இல்லாமல் நம்பியது அது ஒன்றைத்தான்.